கரவனெல்லையில் ஒரு தேக்கரண்டி

கொழும்பிலிருந்து ஹற்றனுக்குப் போகிறவர்கள் கரவனெல்லையில் இறங்குவதில்லை. அவிசாவளையில் ஒரு தேநீர், கித்துல்கலவில் ஆற்றோடு ஒரு படம், அதன்பிறகு கினிகத்தேனை ஏற்றம். ஏ-7 வீதியில் எல்லோருடைய பயணமும் அப்படித்தான். கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கி வரும் வீதி இந்தப் பெரிய வீதியோடு சேரும் இடம்தான் கரவனெல்ல. ஓர் ஆதார வைத்தியசாலை, சில கடைகள், பக்கத்தில் களனி கங்கை, சுற்றிலும் றப்பர் மலைகள். ஒரு காலத்தில் யட்டியாந்தோட்டை வரை ஒடுக்கமான தண்டவாளத்தில் ரயில் ஓடியதாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு அது போய்விட்டது. தண்டவாளம் கிடந்த தடத்தைக் காட்ட இன்று வயதானவர்களைத்தான் தேட வேண்டும்.

நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு நண்பர். தோட்டப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறார். "பிள்ளைகளுக்கு ஐதரசனைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். பத்திரிகையில் மாதத்துக்கு ஒருமுறை 'தண்ணீரிலிருந்து எரிபொருள், மலிவான ஊக்கி கண்டுபிடிப்பு' என்று வருகிறது, அவர்கள் வெட்டிக்கொண்டு வந்து கேட்கிறார்கள்" என்றார்.

ஆய்வுகூடம் என்பது மூன்று மேசையும் பூட்டிய ஓர் அலுமாரியும். அது போதுமாக இருந்தது. ஒன்பது வோல்ற்று மின்கலம், இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், சலவைச் சோடா கரைத்த தண்ணீர். உப்புப் போடக்கூடாது, போட்டால் குளோரீன் வரும். மின்கலத்தை இணைத்ததும் இரண்டு பென்சில் முனையிலும் குமிழ் கிளம்பியது. மறை முனையில் ஐதரசன், நேர் முனையில் ஒட்சிசன். சற்று நேரம் ஓடவிட்டால் நேர் முனைப் பென்சில் கரையத் தொடங்கி, அடியில் கரும்பொடி படிகிறது. ஒட்சிசன் உருவாகும் இடத்தில் காபன் தானே அரிபட்டுப் போகும்.

அடுத்து நேர் முனைக்குக் கறைபடாத உருக்கில் செய்த ஒரு தேக்கரண்டி. பழைய வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை முதலில் கரண்டிகளில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். மலிவுக் கடைக் கரண்டிகள் சிலவற்றில் நிக்கலே இருப்பதில்லை. அவற்றில் காந்தம் 'டக்'கென்று ஒட்டும். ஒட்டாததில் நிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டாத கரண்டியை இறக்கியதும் குமிழ் பொங்கியது, பொடி எதுவும் விழவில்லை. நீண்ட நேரம் விட்டால் தண்ணீர் இலேசாக மஞ்சளிக்கலாம். உருக்கிலுள்ள குரோமியம் கரைந்து வருவதன் அடையாளம் அது, நஞ்சு. ஆகவே சில நிமிடத்தோடு நிறுத்தி, தண்ணீரில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொண்டோம்.

பின் வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், கரண்டியே வேலை செய்யுதுன்னா பிளாற்றினம் எதுக்கு?"

அன்று பேசியது முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான். இந்தக் கட்டுரையும் அப்படியே.

தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ற்று போதும். நடைமுறையில் ஆலைகள் 1.8 முதல் 2 வரை கொடுக்கின்றன. மேலதிகமாகக் கொடுப்பது சூடாகப் போகும் பணம், அதைக் குறைப்பதே ஊக்கியின் வேலை. ஐதரசன் வரும் பக்கம் ஒப்பளவில் இலேசு. பாரமான வேலை ஒட்சிசன் பக்கத்தில்: ஒரு மூலக்கூறு உருவாக நான்கு இலத்திரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றாக வேண்டும். அமிலச் சூழலில் இயங்கும் புதுவகை மின்பகுப்புக் கலங்களில் நிக்கலும் இரும்பும் கரைந்துபோகும். அங்கேதான் ஐதரசன் பக்கத்துக்குப் பிளாற்றினமும் ஒட்சிசன் பக்கத்துக்கு இரிடியமும் தேவைப்படுகின்றன. இதில் பத்திரிகைகள் பெயர் சொல்லும் பிளாற்றினத்தைவிடப் பெயர் சொல்லாத இரிடியம்தான் பெரிய தொல்லை. உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு ஏழெட்டுத் தொன்தான் கிடைக்கிறது, பெரும்பகுதி தென்னாபிரிக்காவில்.

ஆனால் காரச் சூழல் என்று ஒன்று இருக்கிறது. அதில் நிக்கலும் இரும்பும் அழியாமல் நிற்கும். நோர்வேயின் வேமோர்க்கில் 1911இல் எழுந்த நீர்மின் நிலையத்தை ஒட்டி, 1929இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் ஐதரசன் ஆலை கட்டியது. காரக் கரைசல், இரும்பு, நிக்கல். பிளாற்றினம் பேச்சுக்கும் இல்லை. பஞ்சாபின் நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு 1961இல் இந்தியா அதே வேலையைச் செய்தது. தண்ணீரிலிருந்து ஐதரசன், அதிலிருந்து அமோனியா, அதிலிருந்து உரம். அதன் பக்கவிளைவாக 1962இல் இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் அங்கே எழுந்தது. ஆக, 'மலிவான உலோகத்தால் ஐதரசன்' என்பது நாளைய செய்தி அல்ல, எங்கள் பாட்டன் காலத்துச் சங்கதி.

அப்படியானால் ஆய்வாளர்கள் எதைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்தது உண்டு, அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிக்கல் மின்வாயில் இரும்பு சிறிது கலந்தால் ஒட்சிசன் கிளம்புவது பலமடங்கு எளிதாகிறது என்று 1987இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்து டெனிஸ் கொரிகன் எழுதினார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2014இல் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் ஷனன் பொய்ச்சரின் குழு, சுத்தமான நிக்கல் என்று பலரும் புகழ்ந்துகொண்டிருந்ததன் திறமை பெரும்பாலும் காரக் கரைசலில் ஒட்டிவந்த இரும்பு அழுக்கின் திறமைதான் என்று காட்டியது. அழுக்கை முழுக்க நீக்கினால் நிக்கல் சோர்ந்துவிடுகிறது. நாங்கள் கரண்டியில் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான்: மேற்பரப்பில் நிக்கலும் இரும்பும் சேர்ந்த ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அந்தப் பிள்ளையிடம், "பிளாற்றினம் எதற்கு என்று கேட்டாயே, உன் கரண்டியை வைத்தே உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் கட்டுரை எழுதியிருக்கின்றன" என்றபோது வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஏன் சேர் இன்னும் இங்க யாரும் செய்யல?" என்றாள்.

அதற்கு மறுமொழி அன்று மாலைதான் கிடைத்தது, மழையிடமிருந்து.

நண்பரின் வீட்டுக்குப் போகும் வழியில் தோட்டத் தொழிலாளரின் லயத்துப் பக்கம் நின்றோம். மூன்று மணிக்குப் பிடித்த மழை விடுகிற மாதிரி இல்லை. றப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைத்தண்ணீர். பால் வெட்டுகிற ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் மரத்தோடு வழிந்து வீணாகும். "மழ பேஞ்சா வெட்டு இல்ல தம்பி. பில்லு புடுங்க, கான் வெட்டன்னு ஏதாச்சும் குடுத்தா பேரு உண்டு. இல்லன்னா லயத்துலதான்" என்றார். 'பேர்' என்றால் அன்றைய நாட்கூலிக் கணக்கு.

அவருக்கு வேலையை நிறுத்துகிற அதே மழைதான் மேலே மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. களனியின் கிளைகளான மஸ்கெலி ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் அடுக்கடுக்காக மின்நிலையங்கள். டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் நீர்மின்சாரம் கேட்டதற்கு 1950இல் லக்ஷபான பதில் சொன்னது. 1969இல் பொல்பிட்டிய 75 மெகாவாற்றுடன் வந்தது. கடைக்குட்டியாக கித்துல்கலவுக்கு மேலே 35 மெகாவாற்று புரோட்லண்ட்ஸ். கொட்டுமழை நாட்களில் வான்கதவு திறந்து தண்ணீர் சும்மா வழிகிறது. வெயில் மாதங்களில் டீசலும் நிலக்கரியும் எரித்து விளக்கெரிக்கிறோம்.

மறுநாள் கித்துல்கலவுக்குப் போனேன். 1950களின் நடுவில் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த ஆறு. இப்போது றப்பர்த் தோணியில் வெள்ளைநீர் ஓட்டம். கரையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஐதரசனுக்கு இன்றைய ஆலைகளில் ஏறத்தாழ 52 அலகு மின்சாரம் வேண்டும், தண்ணீர் ஒன்பது லீற்றருக்குச் சற்று மேல். புரோட்லண்ட்ஸ் முழுவலுவில் ஒரு நாள் ஓடினால் 16 தொன் ஐதரசன், அதிலிருந்து ஏறக்குறைய 90 தொன் அமோனியா. அதற்குத் தேவையான தண்ணீரை ஆறு என் கண்முன் சில வினாடிகளில் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஆகவே தண்ணீர் ஒரு கேள்வியே இல்லை. உலோகமும் அப்படித்தான்: நிக்கல் ஒரு கிலோ இருபது டொலருக்குள் வாங்கலாம், பிளாற்றினம் ஒரு கிராமே முப்பது டொலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. மிச்சமிருப்பது மின்சாரமும் அது வருகிற விதமும்.

ஐதரசன் ஆலைக்கு முழுநேரமும் மின்சாரம் தந்தால் விளக்கைக் கெடுத்தல்லவா தர வேண்டும்? மிகுதி இருக்கும் நாளில் மட்டும் தந்தால் ஆலை ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் வட்டி ஓடும். மலிவு உலோகத்தின் உண்மையான பெறுமதி இங்கேதான் தெரிகிறது. இரிடியம் பூசிய இயந்திரத்தை மழைக்காலத்துக்கு மட்டும் வாங்கி வைத்தால் கட்டுபடியாகாது. நிக்கல் தகட்டு இயந்திரம் நின்றாலும் நட்டம் குறைவு.

ஆனால் சிக்கலும் அதே இடத்தில்தான். காரக் கலத்தின் நிக்கல் தகடுகள் ஓட ஓட நன்றாக இருக்கும், நிறுத்தினால்தான் நோய். மின்சாரத்தை வெட்டியதும் கலத்துக்குள் தங்கிய ஐதரசனும் ஒட்சிசனும் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டத்தை எழுப்பும். அந்த எதிரோட்டம் ஐதரசன் பக்கத்து நிக்கலை ஒட்சியேற்றி, அதன் மேல் பூசிய ஊக்கியை உதிர்க்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம். வேமோர்க்கிலும் நங்கலிலும் அணையின் மின்சாரம் இரவு பகலாக வந்ததால் இது பெரிய பிரச்சினையாகவில்லை. சூரியனையும் காற்றையும் மழையையும் நம்பும் இன்றைய ஆலைக்கு இதுதான் முதல் பிரச்சினை. ஆலைக்காரர் ஒரு தகட்டிடம் எதிர்பார்ப்பது அறுபதாயிரம், எண்பதாயிரம் மணிநேர உழைப்பு. 'மலிவான ஊக்கி' என்று செய்தியாகும் கட்டுரைகளைப் புரட்டினால் பலவற்றில் ஓட்டிப் பார்த்தது நூறு மணிநேரம், அதுவும் நிறுத்தாமல். ஆயிரம் முறை நிறுத்தி ஆயிரம் முறை ஓட்டிய கணக்கைக் கொண்டுவருகிறவருக்கே நான் எழும்பி நின்று கைதட்டுவேன். எத்தனை மில்லிவோல்ற்று குறைந்தது என்ற போட்டி எனக்கு அலுத்துவிட்டது.

வகுப்பில் அரிபட்ட பென்சிலுக்குள் இருந்த காபன் காரீயம்தான். கேகாலை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் போகல காரீயச் சுரங்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் பழைய ஆசை. கரவனெல்லையிலிருந்து ருவன்வெல்ல வழியாக, றப்பரும் தென்னையும் கமுகும் மாறிமாறி வரும் குறுக்கு வீதிகளில் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தோண்டுகிறார்கள். பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் இலங்கைக் காரீயம் உலகிலேயே தூய்மையானவற்றில் ஒன்று. வாசலுக்கு அப்பால் என்னை விடவில்லை, விடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை. வீதியோர மண்ணே சாம்பல் மினுக்கமாக இருந்தது.

'எங்கள் காரீயத்திலிருந்து கிராபீன், கிராபீனிலிருந்து ஊக்கி' என்று கொழும்பில் அடிக்கடி கேட்கிறோம். பாதிதான் சரி. ஐதரசன் பக்கத்தில் காபன் நல்ல மேடை. கிறீஸில் போடும் மொலிப்டினம் சல்பைட்டின் விளிம்புகள் ஐதரசனைக் கிளப்பும் என்று 2005இல் தென்மார்க்கில் கணித்து, 2007இல் பரிசோதித்தும் காட்டினார்கள். அதைக் கிராபீனில் பரப்பினால் இன்னும் நன்று. ஒட்சிசன் பக்கத்திலோ, வகுப்பில் பென்சிலுக்கு நேர்ந்த கதிதான் விலையுயர்ந்த கிராபீனுக்கும். இதைச் சொல்லாமல் காரீயத்தை மட்டும் புகழ்வது ஏற்றுமதி விளம்பரம்.

இரும்பு வேண்டுமென்றாலும் சபரகமுவ போதும். இரத்தினபுரிப் பக்கம் தெல, நோரகல்ல என்ற இடங்களில் நீரேறிய இரும்பு ஒட்சைட்டுப் படிவுகள் உண்டு. வீடு கட்ட வெட்டும் 'கபொக்' கல்லின் சிவப்பும் இதே இரும்பால் வந்தது. விலையுயர்ந்த உலோகத்திலிருந்து இரும்புக்கு இறங்கிய கதை வேதியியலில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. அமோனியா செய்ய 1909இல் ஹேபர் பயன்படுத்தியது ஓஸ்மியம். அது உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் இருந்தது. பீஏஎஸ்எஃப் நிறுவனத்தின் அல்வின் மிற்றாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சுவீடன் நாட்டு இரும்புத்தாது ஒன்றில் விடையைக் கண்டார். இன்றும் உலகின் அமோனியா இரும்பில்தான் வருகிறது.

உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இங்கே காரணம் இருக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது மலையகத் தேயிலை பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. இதே களனியின் கீழ்க்கரையில், சப்புகஸ்கந்தவில், 1980களின் தொடக்கத்தில் ஒரு யூரியா ஆலை இருந்தது. இறக்குமதி எண்ணெயிலிருந்து வந்த நப்தாவை உடைத்து ஐதரசன் எடுத்தது. எண்ணெய் விலைக்குத் தாக்குப்பிடிக்காமல் சில ஆண்டுகளில் மூடினார்கள். மேலே அணை, கீழே நப்தா, நடுவே ஒரே ஆறு. நங்கலுக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை. நங்கலும் பின்னாளில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மின்சாரத்துக்கு வேறு கேள்வி வந்துவிட்டது.

இப்போது தோன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜனும், நோர்வேயின் பேர்கனில் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையும் சேர்ந்து சுத்தமான எரிசக்திக்கான நானோபொருள் ஆய்வில் பிள்ளைகளைப் பயிற்றுகிறார்கள். வேமோர்க் இருந்த நாட்டோடு யாழ்ப்பாணம் தொடர்பு வைத்திருப்பது எனக்குப் பிடித்த தற்செயல். அக்கரையில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் அது திறக்கப்பட்டது. தமிழ் நிலத்தில் மின்வாய் வேலைக்கு அதுவே தலைவீடு.

கடைசியாக சமனலவெவ. பலாங்கொடைக்குக் கிழக்கே, மலைநாடு சரிந்து இறங்கும் விளிம்பு. 120 மெகாவாற்று நிலையத்துக்கு 1990களின் தொடக்கத்தில் தண்ணீர் தேக்கியபோது வலது கரையில் கசியத் தொடங்கிய அணை, இன்றும் கசிகிறது. நான் போனது அணைக்காக அல்ல. அணை கட்டுமுன் அங்கே தேடிய கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர், மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தி இல்லை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்றே துருத்தி. அதே மாதிரி உலை கட்டி உருக்கிப் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: கி.பி. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் இங்கே உயர்காபன் உருக்கே கிடைத்திருக்கிறது. பல இடங்கள் இப்போது தண்ணீருக்கடியில்.

நான் நின்ற சரிவில் காற்று தொப்பியைப் பறித்தது. உலையின் அமைப்பைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்சுவர் நிலையானது. முன்சுவர் வெறும் களிமண். ஒவ்வொரு உருக்கலுக்குப் பிறகும் அதை உடைத்து இரும்பை எடுத்துவிட்டு, அடுத்த தடவைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். காற்று இல்லாத எட்டு மாதமும் உலை சும்மா கிடக்கும், யாருக்கும் நட்டமில்லை.

அங்கிருந்தே காரைக்குடியில் படித்த ஒரு நண்பரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொல்பிட்டியப் பக்கம் ஒரு மெகாவாற்றில் சின்னதாக ஓர் ஐதரசன் ஆலை வைத்தால், ஆண்டுக்கு மூவாயிரம் மணிநேரம் மிகுதி மின்சாரத்தில் ஓடினால், ஏறக்குறைய 58 தொன் ஐதரசன், முந்நூற்றுச் சொச்சம் தொன் அமோனியா. எக்டேருக்கு 250 கிலோ நைதரசன் என்று கொண்டால் ஆயிரம் எக்டேர் தேயிலைக்குப் போதும். எதிரோட்டத்தில் தகடு கெட்டால் கெடட்டும். நிக்கல்தானே, ஒவ்வொரு வெயில் காலத்திலும் கலத்தைத் திறந்து, முன்சுவர் மாதிரி தகட்டை மாற்றிவிட்டால் என்ன?

காற்றிரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தகடு மலிவுதான் அண்ணே. ஆனா நூறு கலத்தையும் சேர்த்து இறுக்கிப் பத்து வருசத்துக்குத் திறக்கக்கூடாதுன்னு செஞ்ச பெட்டி அது. ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் வாஷர் மாத்தணும், நடுவுல இருக்குற பிரிப்புத் தாள் கிழியாம எடுக்கணும். கசிஞ்சா ஐதரசனும் ஒட்சிசனும் ஒண்ணாச் சேரும், அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எங்கிட்ட புது ஊக்கி கேக்காதீங்க, அது பத்து இருக்கு. வருசா வருசம் திறந்து மூடுற மாதிரி ஒரு பெட்டி வரைஞ்சு தரச் சொல்லுங்க யாரையாவது."